மந்திக்குக் கூண்டா, காடா, வளவா?

கொழும்பைச் சுற்றி வாழும் ஊதாமுக மந்திக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு எழுந்தால் மூன்று யோசனைகள் உடனே வந்துவிடும். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை போல ஓரிடத்தில் வைத்துப் பெருக்கலாம் என்பார் ஒருவர். பிடித்துக்கொண்டு போய் நல்ல காடொன்றில் விட்டால் நிம்மதியாக வாழும் என்பார் இன்னொருவர். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், மரத்துக்கு மரம் போக வழி செய்துகொடுப்போம் என்பது மூன்றாவது கட்சி. கையிலிருக்கும் காசோ ஏதாவது ஒன்றுக்குத்தான் காணும். இந்த மூன்றையும் நோய் எதிர்ப்பு மரபணுக்களின் பன்மை என்ற ஒரே கோலால் அளந்தால் எது தேறும் என்பதுதான் இந்தக் கட்டுரை. செலவு, சட்டம், அயலவரின் பொறுமை எல்லாம் வேறு கோல்கள். போகிற போக்கில் அவற்றையும் தொட்டுப் போகிறேன்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். ஊதாமுக மந்தி இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. அதற்கு நான்கு துணையினங்கள். அவற்றில் மேற்குத் துணையினம் கொழும்பு, கம்பஹா, களுத்துறைப் பக்கங்களில் வாழ்கிறது, அதாவது நாட்டிலேயே சனம் மிக நெருங்கி வாழும் மாகாணத்தில். மிக அதிக ஆபத்திலுள்ள இனங்களின் வகுப்பில், இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஐயுசிஎன் இதை வைத்திருக்கிறது. உலகில் மிகவும் ஆபத்திலிருக்கும் 25 பிரைமேட்டுகளின் (குரங்கு வகைகளின்) பட்டியலிலும் 2004க்குப் பிறகு பல தடவை இடம்பிடித்திருக்கிறது. ஜினி டேலாவும் ஆர். ருத்ரனும் பல வருடங்களாகச் செய்த ஆய்வுகள் இதன் வாழ்க்கையை நமக்குக் காட்டின: காட்டு மந்தி என்று நினைத்த மிருகம் வீட்டு வளவுகளில் பலா, மா, றம்புட்டான், ஈரப்பலா என்று தின்று, ஓட்டுக் கூரைமேல் குதித்து, நாய்க்கும் மின்கம்பிக்கும் நடுவே காலத்தை ஓட்டுகிறது. கொழும்பின் புறநகரான தலங்கமப் பக்கம் ஒரு விடியற்காலை நடந்தால் நீங்களே பார்க்கலாம். ஆணின் கரகரத்த கூச்சல் ஒரு வளவிலிருந்து வரும், நாலு வளவு தள்ளி இன்னொரு ஆண் பதில் சொல்லும். இரண்டுக்கும் இடையில் ஒரு புதிய மாடிக்கட்டடமும் வெட்டிய பலாமரத்தின் அடியும் இருக்கும்.

நோய் எதிர்ப்பு மரபணு என்று பொதுவாகச் சொன்னாலும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் பார்ப்பது எம்.எச்.சி. என்ற தொகுதியை. மனிதரில் இதற்கு எச்.எல்.ஏ. என்று பெயர். சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு அலைந்த குடும்பங்களுக்கு இந்தப் பெயர் நன்றாகப் பழக்கம். மனிதரில் இது ஆறாவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. இந்த மரபணுக்கள் உருவாக்கும் புரதங்களின் வேலை, கலத்துக்குள் கிடைக்கும் புரதத் துண்டுகளை எடுத்து, கடைக்காரர் சரக்கை வாசலில் அடுக்குவதுபோலக் கலத்தின் மேற்பரப்பில் வைத்துக் காட்டுவது. இரத்தத்திலுள்ள காவற்கலங்களான ரி கலங்கள் வந்து பார்க்கும், அந்நியமான துண்டு என்றால் தாக்குதல் தொடங்கும். முதலாம் வகுப்பு மூலக்கூறுகள் கலத்துக்குள் இருக்கும் வைரஸ் போன்றவற்றின் துண்டுகளையும், இரண்டாம் வகுப்பு வெளியிலிருந்து உள்ளே வந்த பக்டீரியா, புழு ஆகியவற்றின் துண்டுகளையும் பெரும்பாலும் காட்டுகின்றன.

ஒவ்வொரு எதிருருவும், அதாவது ஒரே மரபணுவின் ஒவ்வொரு மாற்று வடிவமும், சில வகைத் துண்டுகளை மட்டும்தான் பிடிக்கும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து வேறொன்றும் வாங்கிய மந்திக்கு இரண்டு வகைத் துண்டுகளையும் காட்ட முடியும். கூட்டம் முழுவதிலும் பல எதிருருக்கள் இருந்தால், புதிய நோயொன்று வரும்போது அதைப் பிடிக்கத் தெரிந்த யாராவது சிலர் தப்பிப் பிழைப்பார்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது. நோய்க்கிருமி பழகிப்போவது கூட்டத்தில் பரவலாக இருக்கும் எதிருருவுக்குத்தான். அரிதான எதிருரு வைத்திருப்பவருக்கு அதனாலேயே ஒரு அனுகூலம் கிடைக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி முடிவு இதில்தான் தொங்குகிறது.

கூண்டு யோசனையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் கேட்டவுடன் மிகப் பாதுகாப்பாகத் தெரிவது அதுதான். நாய் இல்லை, கம்பி இல்லை, வைத்தியர் பக்கத்திலேயே இருக்கிறார். உலகெங்கும் மிருகக்காட்சிச்சாலைகள் சிறைப்பட்ட கூட்டங்களை வம்சாவளிப் பதிவேடு வைத்து நடத்துகின்றன. யார் யாரோடு சோடி சேர்ந்தால் உறவு நெருக்கம் மிகக் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சேர்ப்பார்கள். நூறு வருடத்தில் மரபணுப் பன்மையின் 90 சதவீதத்தைக் காப்பது என்பது அவர்கள் வழக்கமாக வைக்கும் இலக்கு.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்து மந்திகளைப் பிடித்துத் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கொன்று உறவில்லாத பத்து. பாடப்புத்தகச் சூத்திரப்படி காட்டில் இருந்த சராசரி மரபணுப் பன்மையில் 95 சதவீதம் கூண்டுக்குள் வந்துவிட்டது. அருமை என்று தோன்றும். இப்போது எம்.எச்.சி. மரபணு ஒன்றை மட்டும் பாருங்கள். காட்டில் அதற்கு 20 எதிருருக்கள், ஒவ்வொன்றும் 5 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். பத்து மந்தியிடம் மொத்தம் 20 பிரதிகள்தான் இருக்கும். ஒரு குறிப்பிட்ட எதிருரு அந்த 20இல் ஒன்றில்கூட வராமல் போகும் வாய்ப்பு சுமார் 36 சதவீதம். அப்படியானால் 20 எதிருருக்களில் ஏழு கூண்டுக் கதவைத் தாண்டி உள்ளேயே வராது. எதிருரு இன்னும் அரிதாக, 2 சதவீத அளவில் இருந்தால் அது தவறிப்போகும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. 95 சதவீதம் காப்பாற்றிவிட்டோம் என்று பதிவேடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நோய்க்கு எதிராக மிகவும் தேவைப்படும் அரிய எதிருருக்கள் வெளியே நின்றுவிட்டன. சராசரியைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் உள்ள முறைப்பாடு இதுதான்.

அப்புறம் தலைமுறைகள் நகர வேண்டும். மந்திக்கு ஒரு தலைமுறை பத்து வருடம் என்று எடுத்தால் நூறு வருடத்தில் பத்துத் தலைமுறை. அத்தனை தலைமுறைக்கும் 90 சதவீதத்தைக் காக்க, கூட்டத்தின் பயனுறு அளவு, அதாவது மரபணுக் கணக்கில் சந்ததி தருபவர் எத்தனை பேருக்குச் சமம் என்பது, கிட்டத்தட்ட 48 இருக்க வேண்டும். ஊதாமுக மந்தியின் குடும்ப அமைப்பு இங்கே கையைக் கடிக்கும். ஒரு குழுவில் பொதுவாக ஒரே ஒரு வளர்ந்த ஆண், அதோடு சில பெண்கள். ஒரு ஆணும் ஐந்து பெண்களும் இருக்கும் குழுவில் எல்லாக் குட்டிகளுக்கும் தந்தை ஒன்றே என்பதால் அதன் பயனுறு அளவு ஆறு இல்லை, மூன்று சொச்சம்தான். அப்படிப் பத்துக் குழுக்கள் வைத்திருந்தாலும் 33தான் வரும். 48ஐ எட்ட, குட்டி, கிழடு, ஓரம் கட்டப்பட்ட ஆண்கள் எல்லாவற்றையும் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்ட மந்திகளுக்கு இடமும் இலையும் வேண்டும்.

இலை என்பது சின்ன விஷயம் இல்லை. இந்த மந்திகளின் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்து, நுண்ணுயிர்களை வைத்து இலையைப் புளிக்கவைக்கும் வகை. இனிப்புப் பழத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் இரைப்பையில் அமிலம் ஏறும், பொருந்தாத நார் கொடுத்தால் உருண்டையாகி அடைக்கும். இலை தின்னும் குரங்குகளைக் கூண்டில் வைத்துப் பராமரிப்பது கஷ்டம் என்பது மிருகக்காட்சிச்சாலைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. செங்குரங்கைப் போல எதையாவது தின்று சமாளிக்கும் பிராணி இல்லை இது.

கூண்டுக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: எம்.எச்.சி.யைப் பார்த்தே சோடி சேர்க்கலாமே? இந்த வாதம் புதிதல்ல. 1991இல் ஆஸ்டின் ஹியூஸ் என்ற உயிரியலாளர் சிறைப்பட்ட இனப்பெருக்கத் திட்டங்கள் எம்.எச்.சி. பன்மையைக் காப்பதை மையமாக வைத்தே அமைய வேண்டும் என்று எழுதினார். உடனே பலர் எதிர்த்தார்கள். ஒரு மரபணுத் தொகுதிக்காகச் சோடிகளைத் தெரிவுசெய்தால் மற்ற ஆயிரக்கணக்கான மரபணுக்களில் பன்மை வேகமாகக் குறையும் என்பது அவர்கள் வாதம். எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். நோயோடு போராடுவது எம்.எச்.சி. மட்டுமில்லை, நிர்ப்பீடனத்தில் பங்குள்ள வேறு மரபணுக்கள் ஏராளம். ஆனால் பதிவேட்டின்படி சமமாக இருக்கும் இரண்டு சோடிகளில் ஒன்றைத் தெரிய வேண்டிய கட்டம் வந்தால் எம்.எச்.சி.யைப் பார்ப்பதில் தப்பில்லை.

கூண்டின் பெரிய குறை வேறு. காட்டில் எம்.எச்.சி. பன்மையைக் காத்துக்கொண்டிருப்பதே நோய்தான். புழுவும் வைரஸும் மாறிமாறி வந்து, இன்று இந்த எதிருருவுக்கும் நாளை அந்த எதிருருவுக்கும் அனுகூலம் கொடுத்து, எதுவும் முற்றாக அழியாமல் பார்த்துக்கொள்கின்றன. கூண்டில் பூச்சிமருந்து கொடுக்கிறோம், தரையைக் கழுவுகிறோம், காய்ச்சல் வந்தால் ஊசி போடுகிறோம். கொடுக்கத்தான் வேண்டும், அதில் கேள்வியே இல்லை. ஆனால் அந்த இழுபறி நின்றதும் எந்த எதிருரு தங்கும், எது போகும் என்பது முழுக்க அதிர்ஷ்டத்தின் கையில் போய்விடுகிறது. சிறிய கூட்டத்தில் அதிர்ஷ்டம் எப்போதும் பன்மையைத்தான் தின்னும்.

அதே நேரம் கூண்டு நோயைக் கொண்டுவரவும் செய்யும். 1980களில் அமெரிக்க மிருகக்காட்சிச்சாலைகளில் டமரின், மாமோசெட் வகைக் குரங்குகள் ஈரல் அழற்சியால் செத்தன. காரணம் எலிகளில் இருக்கும் ஒரு அரீனா வைரஸ். புரதத்துக்கென்று எலிக்குஞ்சுகளைத் தீனியாகக் கொடுத்ததில் வந்த வினை. அப்போதுதான் பிரேசிலில் பொன்சிங்க டமரினைக் காட்டில் திரும்ப விடும் திட்டமும் நடந்துகொண்டிருந்தது. கூண்டில் தொற்றியதைக் காட்டுக்குக் கொண்டுபோய் விடுவோமோ என்ற பயம் சும்மா வந்ததல்ல.

பொன்சிங்க டமரின் கதையைச் சொல்லாமல் கூண்டுக்குத் தீர்ப்பு எழுதினால் அது நியாயமாகாது. 1970களில் காட்டில் சுமார் 200தான் மிஞ்சியிருந்தன. 1984 முதல் மிருகக்காட்சிச்சாலைகளில் பிறந்தவற்றைக் காட்டில் விட்டார்கள். இன்று காட்டில் இருப்பவற்றில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அவற்றின் வாரிசுகள். 3,700 வரை ஏறிய கூட்டம், அதன்பின் வந்த மஞ்சள் காய்ச்சலில் 2,500 அளவுக்கு விழுந்தது. பிறகு தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். இதை நான் இப்படி வாசிக்கிறேன்: காட்டில் கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சாத நிலை வந்தால் கூண்டு கைகொடுக்கும். அதற்கு முன்னால் கூண்டை நம்பி வெளியிலுள்ளதைக் கைவிட்டால் நட்டம். மேற்கு ஊதாமுக மந்தி இன்னும் அந்த முதல் நிலைக்கு வரவில்லை.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிரான சாட்சிகளையும் கூண்டில் ஏற்றிவிடுகிறேன். எம்.எச்.சி. பன்மை குறைந்தால் உடனே அழிவு என்று எழுதுவது ஒரு பழக்கமாகிவிட்டது. மொரீசியஸ் தீவின் நீள்வால் குரங்குகளைப் பாருங்கள். சில நூற்றாண்டுகளுக்கு முன் கப்பல்களில் வந்து இறங்கிய சில குரங்குகளின் வம்சம். எம்.எச்.சி.யில் ஏழே ஏழு பிரதான ஹப்லோடைப்புகள்தான், அதாவது ஒன்றாகவே கடத்தப்படும் எதிருருத் தொகுப்புகள்தான், இருக்கின்றன. ஆனாலும் தீவு முழுக்கப் பெருகிவிட்டன. பன்மை குறைவு என்பதனாலேயே ஆய்வுகூடங்கள் அவற்றை விரும்பி வாங்குகின்றன. தஸ்மேனிய டெவிலுக்கு முகத்தில் வந்த தொற்றுப் புற்றுநோய்க்கு முதலில் எம்.எச்.சி. பன்மைக் குறைவைத்தான் காரணம் என்றார்கள். பிறகு பார்த்தால், புற்றுக்கலங்கள் தங்கள் மேற்பரப்பிலிருந்த எம்.எச்.சி. மூலக்கூறுகளையே மறைத்துவைத்திருந்தன. சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலிக்கு எம்.எச்.சி. பன்மை மிகக் குறைவு என்று 1985இல் சொன்னதும் பின்னாளில் நமீபியாவின் காட்டுச் சீட்டாக்களில் எதிர்பார்த்ததைவிட அதிக எதிருருக்கள் கிடைத்தபோது கொஞ்சம் தளர்ந்தது. நமது கிட்டிய உறவான சிம்பன்சியில்கூட முதலாம் வகுப்பு மரபணுக்களின் பன்மை மனிதரைவிடக் குறைவு. 20 – 30 லட்சம் வருடங்களுக்கு முன் எச்.ஐ.வி. குடும்பத்து வைரஸ் ஒன்று பரவி, தாக்குப்பிடித்த எதிருருக்களை மட்டும் விட்டுவைத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். கூண்டுக் கூட்டம் ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம்: அமெரிக்க ஆய்வுகூடமொன்றில் வளர்ந்த பருத்தித்தலை டமரின்களில் முதலாம் வகுப்புப் பன்மை மிகக் குறைவாக இருந்தது, வைரஸ் நோய்களும் அவற்றை லேசில் பிடித்தன. இரண்டுக்கும் முடிச்சுப் போட ஆசையாக இருக்கும், ஆனால் ஆய்வுகூட வாழ்க்கையில் வேறு நூறு சங்கடங்களும் இருக்கின்றன.

ஆகவே பன்மை என்பது காப்புறுதி. இன்று மந்தி சாவது கம்பியாலும் நாயாலும், மரபணுவால் அல்ல. ஆனால் மூன்று வழிகளில் ஒன்றைத் தெரிந்துதான் ஆக வேண்டும் என்றால், காப்புறுதியைத் தின்னாத வழியைத் தெரிவது புத்தி.

இடமாற்றத்துக்கு வருவோம். இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கொழும்பில் யாரைக் கேட்டாலும் சிங்கராஜாவில் விடுங்கள் என்பார்கள். அந்த மழைக்காடு இருப்பது களு கங்கைக்குத் தெற்கே, அங்கே வாழ்வது வேறு துணையினம். மேற்கு மந்தியைக் கொண்டுபோய் அங்கே விட்டால் இரண்டையும் கலக்கிறோம். மேற்குத் துணையினத்துக்கே உரிய காடு வேண்டும் என்றால், கொழும்புக்குத் தண்ணீர் தரும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள காடுகள் இருக்கின்றன. அங்கே ஏற்கெனவே மந்திகள் இருக்கின்றன. புதிய குழு வந்தால் எல்லைச் சண்டை. புதிய ஆண் குழுவைக் கைப்பற்றினால் குட்டிகளைக் கொல்லும் பழக்கமும் இந்த வகை மந்திகளில் உண்டு. வளவில் பழம் தின்று பழகிய குழுவுக்குக் காட்டு இலை ஒத்துவருமா என்ற கேள்வி வேறு. எதிர்ப்பு மரபணுக் கோலால் பார்த்தால் இன்னும் மோசம்: ஒரு குழுவை முழுதாகப் பெயர்த்தால் அது வைத்திருந்த எதிருருக்கள் அந்த வளவு வரிசையிலிருந்து முற்றாகப் போய்விடும், மிஞ்சிய குழுக்களுக்கு இடையிலிருந்த பாலமும் அறுந்துவிடும். சேருமிடத்தில் பழக்கமில்லாத ஒட்டுண்ணி வரவேற்கக் காத்திருக்கும், அல்லது இது கொண்டுபோனது அங்குள்ளவற்றைத் தொற்றும். பொலன்னறுவையில் மந்திகளிலும் செங்குரங்குகளிலும் கிரிப்டோஸ்போரிடியம் உட்படப் பல குடல் ஒட்டுண்ணிகளைக் கண்டிருக்கிறார்கள். அங்கேயே செங்குரங்குகளிடையே டெங்கு வைரஸ் பரவியதும் பதிவாகியிருக்கிறது. குரங்கைத் தூக்கும்போது அது சுமக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தூக்குகிறோம். விதிவிலக்கு ஒன்று வைக்கிறேன்: நாலு பக்கமும் மாடிக்கட்டடம் சூழ்ந்து, தின்ன இரண்டு மரம்கூட மிஞ்சாத குழு. அதற்கு வேறு வழி இல்லை.

மூன்றாவது வழி பார்வைக்கு ரொம்பச் சாதாரணமானது. ஒரு கயிற்றுப் பாலம், கொஞ்சம் மரம், உறை போட்ட மின்கம்பி. படம் எடுத்துப் போட்டால் பெரிய திட்டம் மாதிரி இருக்காது. ஆனால் மேலே ஞாபகத்தில் வைக்கச் சொன்ன விஷயம் இங்கேதான் வேலை செய்கிறது.

மரபியலில் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. பிரிந்துபோன இரண்டு கூட்டங்களுக்கிடையே தலைமுறைக்கு ஒரே ஒரு விலங்கு போய்ச் சந்ததி தந்தால், அவை இரண்டும் பெரிய அளவில் விலகிப்போகாது. மந்திக் கணக்கில் சொன்னால் பத்து வருடத்தில் ஒரு ஆண். எம்.எச்.சி. விஷயத்தில் இதைவிடக் குறைவாக இருந்தாலும் போதும். வந்துசேர்ந்த ஆண் கொண்டுவரும் எதிருரு அந்தக் குழுவில் அரிது. அரிதானதற்கு அனுகூலம். அதன் குட்டிகளில் அந்த எதிருருவை வாங்கியவை நோயில் கொஞ்சம் அதிகமாகத் தப்பும், அவற்றின் குட்டிகளும் அப்படியே. சாதாரண மரபணுவின் புது வடிவம் அதிர்ஷ்டத்தால் மட்டும் தங்கவோ தொலையவோ வேண்டியிருக்க, எதிர்ப்பு மரபணுவின் புது வடிவத்தை நோயே கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பரப்பும். கூண்டில் நாம் கணினியும் பதிவேடும் வைத்துச் செய்யப் பார்க்கும் வேலையை இங்கே புழுக்கள் இலவசமாகச் செய்கின்றன. வேறு குரங்குகளில் சோடித் தெரிவும் கைகொடுப்பதாகத் தெரிகிறது. கபோனில் அரைச் சுதந்திரமாக வளரும் மன்ட்ரில்களில், தாயின் எம்.எச்.சி.யிலிருந்து வித்தியாசமான எம்.எச்.சி. உள்ள ஆண்களே தந்தையாகும் போக்கைக் கண்டார்கள். கூண்டில் யாரோடு சேர்வது என்பதை நாம் தீர்மானிக்கிறோம், அந்தத் தெரிவுக்கு இடமே இல்லை.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த ஒரு ஆண் போய்ச் சேருமா? வளர்ந்த ஆண் குட்டிகள் பிறந்த குழுவை விட்டுப் போகும், சில காலம் ஆண்கள் மட்டும் சேர்ந்து திரியும், பிறகு எங்காவது ஒரு குழுவைக் கைப்பற்றப் பார்க்கும். அந்த அலைச்சல்தான் மரபணுவின் போக்குவரத்து. அது நடப்பது மரக்கிளையில், மதிலில், கடைசியில் மின்கம்பியில். ஒரு கம்பியில் தொங்கினால் ஒன்றுமில்லை. இரண்டு கம்பியை ஒரே நேரத்தில் தொட்டால், அல்லது ஒரு கை கம்பியிலும் வால் கம்பத்தின் இரும்பிலும் பட்டால், கதை முடிந்தது. நீண்ட வாலும் நீண்ட கையும் உள்ள மிருகத்துக்கு மூன்று கம்பி பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது பொறிதான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடே இருளில் மூழ்கியது என்று அமைச்சர் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் குரங்குக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்டதாக ஞாபகமில்லை.

பாலம் வேலை செய்யுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் வால்பாறையைப் பார்க்கலாம். புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சோலைமந்திகள் தெருவைக் கடக்க மேலே கட்டிய பாலங்களைப் பயன்படுத்துகின்றன. பிரேசிலில் பொன்சிங்க டமரினுக்காக நெடுஞ்சாலைக்கு மேலே மண் போட்டு மரம் நட்ட மேம்பாலமே கட்டிவிட்டார்கள். அந்தளவுக்கு நம்மால் முடியாது, தேவையுமில்லை. இரண்டு வளவுகளின் பலாமரக் கிளைகள் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே பாலம்.

இந்த வழியின் பலவீனம் மனிதர்கள். கூண்டுக்கு ஒரு நிறுவனம் போதும். இதற்கு ஐம்பது வீட்டுக்காரர் வேண்டும். ஓடு உடைந்தால் செலவு அவர்களுடையது, றம்புட்டான் காய்க்கும் பருவத்தில் மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போனால் கோபமும் அவர்களுடையதே. அதைப் புரிந்துகொள்ளாமல் காப்பாற்றுங்கள் என்று மட்டும் சொன்னால் மரத்தைத்தான் வெட்டுவார்கள். தகரக் கூரை போட்ட வீட்டுக்காரருக்குத் தொல்லை குறைவு, ஓட்டு வீட்டுக்காரருக்குக் கூடுதல். பழைய ஓட்டுக் கூரைகளுக்கு உதவி செய்வது பாலம் கட்டுவதைவிட நல்ல செலவாக முடியலாம். இது மரபியல் இல்லை, ஆனால் மரபணு போகும் வழி இந்தக் கூரைமேல்தான்.

எவ்வளவு பன்மை மிஞ்சியிருக்கிறது என்று முதலில் அளந்துவிட்டு முடிவெடுக்கலாமே என்று பல்கலைக்கழகப் பக்கம் இருப்பவர்கள் சொல்வார்கள். அளப்பது நல்லதுதான், அதற்காகக் காத்திருக்கக் கூடாது. எப்படி அளப்பது என்பதிலும் தெரிவுகள் உண்டு. இரத்தம் எடுத்தால் டிஎன்ஏ சுத்தமாகக் கிடைக்கும், ஆர்என்ஏயும் கிடைத்தால் முழு நீள மரபணுவையும் வாசிக்கலாம். ஆனால் அதற்கு மந்தியை மயக்க ஊசியால் சுட வேண்டும். மயங்குவது முப்பது அடி உயரக் கிளையில். நான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எச்சம் எடுப்பது மலிவு, மந்திக்கும் தெரியாது. இரவு தூங்கும் மரத்தடிக்கு விடியுமுன் போய், குழு எழுந்து கழித்துவிட்டு நகர்ந்ததும் ஈரம் காயுமுன் எடுக்க வேண்டும். குடலின் கலங்கள் ஒட்டியிருப்பது வெளிப்புறத்தில் என்பதால் மேற்பரப்பைக் குச்சியால் சுரண்டி எதனோல் குழாயில் போட்டு, ஒரு நாள் கழித்து ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுக்கு மாற்றுவது நன்கு பழகிய முறை. இரண்டாம் வகுப்பில் டிஆர்பி என்ற மரபணுவின் இரண்டாவது எக்ஸோன், அதாவது புரதத்துக்கான குறியீடு உள்ள துண்டு, சுமார் 270 எழுத்து நீளம்தான் என்பதால் சிதைந்த டிஎன்ஏயிலும் அதைப் பிசிஆர் என்ற டிஎன்ஏ பெருக்கும் முறையால் பிடிக்கலாம். புரதத் துண்டைப் பிடிக்கும் குழி அமைவதும் அந்தப் பகுதியில்தான், பன்மை குவிந்திருப்பதும் அங்கேதான். தொல்லை என்னவென்றால் டிஆர்பி ஒரு மந்தியிலேயே பல பிரதிகளாக இருக்கும், எண்ணிக்கையும் ஆளுக்கு ஆள் மாறும். எச்சத்தில் டிஎன்ஏ குறைவாக இருந்தால் சில எதிருருக்கள் பிசிஆரில் விடுபட்டுப் போகும். அதனால் ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். ஒரே மந்தியின் எச்சத்தை இரண்டு தடவை எடுத்துவிட்டு இரண்டு மந்தி என்று எண்ணாமலிருக்க, ஆளுக்கு ஆள் நீளம் மாறும் டிஎன்ஏ துண்டுகளான நுண்தொடர்க் குறிப்பான்களால் ஆளை அடையாளம் காண்பதும் முதலில் நடக்க வேண்டும்.

மூன்றாவது மூலம் ஒன்றிருக்கிறது, அதைத்தான் நான் முதலில் நாடுவேன்: செத்தவை. கம்பியில் எரிந்தும் நாய் கடித்தும் வருபவற்றின் ஒரு துண்டுத் தசை. எச்சத்தைவிடப் பல மடங்கு நல்ல டிஎன்ஏ. மிருகக்காட்சிச்சாலைக்கும் வைத்தியரிடமும் வந்துசேரும் காயப்பட்டவற்றின் இரத்தமும் அப்படியே, சிகிச்சைக்கென்று எடுக்கும்போது இரண்டு துளி சேர்த்து எடுப்பதில் மந்திக்குக் கூடுதல் தொல்லை இல்லை. எதுவானாலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பிரைமேட்டுகள் எல்லாமே, ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியல்களில் இருப்பதால் மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் அதற்கும் கடிதம் வேண்டும். கொழும்பிலேயே பிரித்தெடுத்துப் பெருக்கிவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். கூண்டு யோசனையில் எனக்குப் பிடித்த ஒரே பகுதியும் இதுதான். உயிர்களைச் சேர்த்து வைப்பதற்கு முன்னால் மாதிரிகளைச் சேர்த்து வைக்கலாம். உறைபெட்டியில் இலை போட வேண்டியதில்லை.

என்னிடம் காசைத் தந்தால் பெரும்பங்கை வளவுகளை இணைப்பதில் போடுவேன். ஒரு சிறு பங்கை இறந்தவற்றின் திசுவையும் எச்சத்தையும் சேர்த்துப் படிப்பதற்கு வைப்பேன். இடமாற்றத்துக்கு, மேலே சொன்ன முற்றுகைக் குழுக்களுக்கு மட்டும் ஒரு அவசரத் தொகை. கூண்டு இனப்பெருக்கத்துக்கு இப்போது ஒன்றுமில்லை. பக்கத்துப் பக்கத்துக் குழுக்களிடம் எதிருருக்கள் ஏற்கெனவே ஒன்றுபோலாகிவிட்டன, இணைத்தாலும் புதிதாக வருவதற்கு எதுவுமில்லை என்று அளவெடுப்பில் தெரிந்தால் மனதை மாற்றிக்கொள்வேன். அப்போது லபுகமப் பக்கத்துக் காட்டிலிருந்து ஓரிரு இளம் ஆண்களைக் கொண்டுவந்து வளவுக் குழுக்களோடு சேர்ப்பதைப் பற்றிப் பேசலாம். எல்லாரும் சொல்லும் இடமாற்றத்துக்கு நேர் எதிர்த்திசை.

எங்கே தொடங்குவது என்றால், தலங்கமவிலிருந்து வெளியே போகும் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்க வளவுகளிலும் குழுக்கள் இருக்கின்றனவா, நடுவே மந்தி கடக்கும் இடம் எது, அங்கே ஓடும் கம்பி உறையுள்ளதா வெறும் கம்பியா என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவில் யாராவது பலாமரத்தை வெட்டக் கேட்டிருக்கிறார்களா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால், கடக்கும் பக்கத்துக் கிளையைக் கடைசியாக வெட்டச் சொல்லுங்கள், பாலம் கட்டி முடியும் வரைக்கும்.